தீராத வலியும் குமுளி மலையும்: எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

கம்பத்திலிருந்து குமுளிக்கும், கம்பமெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கும் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பதினேழு வருஷம் ஜீப் ஓட்டினேன். நடுமுதுகில் தொடங்கிய வலி ஒரு மழைக்காலத்தில் இடது காலுக்கு இறங்கி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. ஸ்டியரிங்கை விட்டு நாலு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருஷத்தில் எனக்கு ஆன செலவு 1,40,000 ரூபாய்க்குக் குறையாது. அதில் பாதிக்கு மேல் வீண். ஒரு வாரம் மலைக்கு மேலே கேரளத்தில், அடுத்த வாரம் மலைக்குக் கீழே தமிழ்நாட்டில், யார் எதைச் சொன்னாலும் அங்கே ஓடியதற்கு ஆன செலவு அது. வலியைவிட அந்த அலைச்சல்தான் என்னை உட்கார வைத்தது. நான் டாக்டர் இல்லை, டிரைவர். வழி சொல்லத்தான் எனக்குத் தெரியும். மருந்து சொல்வது டாக்டர் வேலை.

வலி தொடங்கி 3 மாதம் தாண்டிவிட்டதா? மருத்துவக் கணக்கில் அது நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லையே, சும்மா சொல்றே" என்று வீட்டிலோ வேலையிடத்திலோ பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

1. இந்த அறிகுறிகள் இருந்தால் இதைப் படிக்காமல் கிளம்புங்கள்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் அடக்க முடியாமல் போவது. இரண்டு தொடைக்கும் நடுவில், சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போவது. கால் திடீரென்று பலம் இழந்து செருப்பு நழுவுவது. முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு மாநிலத்திலும் 108 வரும். சிறுநீர், மரத்துப்போதல் விஷயத்தில் மணிக்கணக்கே முக்கியம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

2. ஒரு ஃபைல் போடுங்கள்

இருபது ரூபாய் பிளாஸ்டிக் ஃபைல் போதும். நான் இதைச் செய்ய இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் ஒரே ரத்தப் பரிசோதனையை நாலு இடத்தில் எடுத்திருந்தேன்.

முதல் தாளில் உங்கள் கையெழுத்திலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்: வலி எப்போது தொடங்கியது, எங்கே, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இதுவரை எடுத்த சிகிச்சை, ஒத்துக்கொள்ளாத மருந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உண்டா இல்லையா. கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் உங்களுக்குத் தரும் நேரம் சில நிமிஷம்தான். நீங்கள் பேசத் தொடங்கும் முன் அவர் அந்தத் தாளைப் படித்துவிடுவார்.

அதன் பின்னால் பழைய சீட்டுகள், தேதி வரிசையில், புதியது மேலே. ஸ்கேன் படம், சி.டி., ரிப்போர்ட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் மட்டும் கொடுத்து அனுப்பும் இடங்கள் உண்டு. அடுத்த டாக்டர் படம் கேட்பார், மறுபடி ஸ்கேன் எழுதுவார். நான் தனியாரில் எம்.ஆர்.ஐ.க்கு 6,500 ரூபாய் கொடுத்தேன், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கேரளப் பக்கத்து மழையில் பையோடு ஃபைலும் நனைந்துபோன அனுபவம் எனக்கு உண்டு.

கூடவே ஒரு சின்ன நோட்டு. தினமும் இரவில் ஒரே வரி: வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள். இரண்டு வாரம் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். என் நோட்டில் தெரிந்தது இதுதான்: ஜீப்பில் தூக்கிப்போட்ட நாளில் வலி கூடவில்லை, அதற்கு மறுநாள்தான் கூடியது.

3. வலியைச் சொல்லப் பழகுங்கள்

"வலிக்குது டாக்டர்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எரிகிறதா, குத்துகிறதா, குடைகிறதா, சுண்டி இழுக்கிறதா, மின்சாரம் அடித்த மாதிரி வெட்டுகிறதா, மரத்துப் போகிறதா? எரிச்சல், வெட்டு, மரத்துப்போதல் என்றால் நரம்பைச் சேர்ந்த வலியா என்று யோசிப்பார். அதற்கு மருந்தே வேறு. நான் ஒன்றரை வருஷம் 'வலி' என்று மட்டும் சொல்லி, மூட்டு வலி மாத்திரையையே தின்றுகொண்டிருந்தேன்.

மலைக்கு மேலே போனால் இன்னொரு சிக்கல். தமிழும் மலையாளமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்ற தைரியத்தில்தான் மோசம் போகிறோம். என் மதினி கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர்க்காரி, ஏலக்காய் எடுக்கப் போகிறவர். மலை மேல் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்டார்: "குடி, வலி ஒக்க உண்டோ?" மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடி இல்ல சார், வலிதான் ராப்பகலா உண்டு" என்றார். டாக்டர் கேட்டது புகை பிடிப்பதைப் பற்றி. மலையாளத்தில் 'வலி' என்றால் இழுப்பது. நம் வலிக்கு அங்கே 'வேதன' என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை இன்னொரு குழப்பம். "குறவுண்டோ?" என்று கேட்டார். ஏதாவது குறை உண்டா என்று கேட்கிறாராக்கும் என்று மதினி "உண்டு உண்டு" என்று தலையாட்டினார். அவர் கேட்டது வலி குறைந்திருக்கிறதா என்று. நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். இல்லையென்றால் அதே மருந்து இன்னொரு மாதம் ஓடியிருக்கும்.

கைவசம் வைத்துக்கொள்ளச் சில சொற்கள்: முதுகு, இடுப்பு வலிக்கு 'நடுவேதன'. எரிச்சலுக்கு 'புகச்சில்'. விறுவிறுவென்று ஊசி குத்துவதற்கு 'தரிப்பு'. மரத்துப்போவதற்கு 'மரவிப்பு'. உள்ளுக்குள் கடுகடுவென்று இருப்பதற்கு 'கடச்சில்'. முழங்காலுக்கு 'முட்டு'. 'பனி' என்று கேட்டால் காய்ச்சலைக் கேட்கிறார்கள். நம் ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு "நெறைய இருக்கு" என்று சொல்லி வைக்காதீர்கள். புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறார்களா என்று கேளுங்கள். குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் கேட்டுப் பழகாத ஆள் குறைவு.

4. மலைக்கு மேலேயா, கீழேயா: முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லையில் இருப்பவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு. உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலம், ஆதாரில் எந்த முகவரி? காப்பீடு, மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை எல்லாம் அதன் பின்னால்தான் வரும். வேலை கேரளத்தில், கார்டு தமிழ்நாட்டில் என்றால் நீண்ட நாள் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் மாதாமாதம் பார்க்கும் டாக்டர் ஒரே ஆளாக, ஒரே இடத்தில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் மருந்து வாங்கினால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் தின்பீர்கள். எனக்கு அது நடந்தது. வயிறு புண்ணாகி ஒரு வாரம் கஞ்சி குடித்தேன்.

கீழே இறங்கினால் கம்பம் அரசு ஆஸ்பத்திரி முதல் படி. அதற்கு மேல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி; எல்லாரும் க.விலக்கு என்றுதான் சொல்வார்கள், ஆண்டிபட்டிப் பாதையில் இருக்கிறது. அதையும் தாண்டினால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை, மருந்தும் இலவசம்.

மேலே என்றால் பீருமேடு, கட்டப்பனை, நெடுங்கண்டம் தாலுகா ஆஸ்பத்திரிகள். பிறகு செறுதோணியில் இடுக்கி மருத்துவக் கல்லூரி. பெரிய விஷயம் என்றால் கோட்டயம். அங்கே ஓ.பி. சீட்டுக்குச் சிறு தொகை வாங்குவார்கள். முதல் தடவை ஆதாரும், ஆதாரோடு இணைத்த போனும் கொண்டுபோனால் நிரந்தர நோயாளி எண் போட்டுத் தருவார்கள். அந்த எண் உள்ள அட்டையைத் தொலைக்காதீர்கள்.

குமுளியிலிருந்து கோட்டயம் பஸ்ஸில் நாலு மணி நேரம், குட்டிக்கானம் இறக்கம் முழுக்க வளைவு. முதுகு வலிக்காரருக்கு அந்தப் பயணமே மூன்று நாள் படுக்கை. பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலேயும் கடைசி சீட்டிலும் உட்காராதீர்கள். நடுவில், ஓரம் இல்லாத சீட்டில் உட்காருங்கள். முண்டக்கயத்தில் நிற்கும்போது இறங்கி நாலு எட்டு நடங்கள்.

5. யாரைப் பார்ப்பது

நேராக எலும்பு டாக்டரிடம்தான் எல்லாரும் போகிறோம். தவறில்லை. ஆனால் அவர் "ஆபரேஷன் தேவையில்லை" என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அங்கேதான் நான் இரண்டு வருஷம் தொலைந்துபோனேன்.

நாள்பட்ட வலியைப் பார்க்கிற டாக்டர்கள் பெரும்பாலும் மயக்க மருந்துத் துறையைச் சேர்ந்தவர்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் இருப்பவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் அவர்களே வலி நிவாரண ஓ.பி. நடத்துகிறார்கள். விசாரணை ஜன்னலில் "வலி கிளினிக் எந்த நாள்?" என்று கேளுங்கள், வாரத்தில் எல்லா நாளும் இருக்காது. கேரளத்து மருத்துவக் கல்லூரிகளில் இன்னொன்றும் உண்டு: பி.எம்.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் உடலியல் மருத்துவ, புனர்வாழ்வுத் துறை. நடக்க, உட்கார, தூக்க மறுபடி சொல்லித்தருவது அவர்கள் வேலை. கோட்டயத்தில் அந்தத் துறை இருக்கிறது.

திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது. காலை எட்டு மணிக்குள் சீட்டு வாங்கும்படி கிளம்புங்கள். ஒரு ஆள் கூட வரட்டும்: நிற்க முடியாதவருக்குப் பதில் வரிசையில் நிற்க, டாக்டர் சொன்னதை நினைவில் வைக்க. வலியில் இருப்பவர் காதில் பாதிதான் ஏறும்.

ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. "ஜவ்வு விலகியிருக்கு, தேய்மானம் இருக்கு" என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப்பேருக்கு மேல் அந்தத் தேய்மானம் தெரியும் என்று பிற்பாடுதான் ஒரு டாக்டர் விளக்கினார். தலை நரைப்பது மாதிரிதான் அது. ரிப்போர்ட்டை மட்டும் காட்டி, உங்கள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால், அரசு மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்துக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

6. மாத்திரை: இங்கேதான் குழி அதிகம்

முதல் குழி செட் மாத்திரை. மருந்துக் கடையில் "முதுகு வலி" என்றதும் அட்டையிலிருந்து கத்தரித்து, காகிதத்தில் மடித்து, ஒரு வேளைக்கு மூன்று நாலு மாத்திரை தருவார்களே, அது. சாயங்காலமே வலி பறந்துவிடும். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அதை நம்பித்தான் சீசனை ஓட்டுகிறார்கள். அந்த மடிப்புக்குள் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு இளைக்கும். ஏற்கெனவே பல மாதம் தின்றுவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார். 'மூலிகைப் பொடி' என்று பெயரில்லாத டப்பாவில் வருவதிலும் இதே கதை நடப்பதுண்டு. பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

இரண்டாவது, சாதாரண வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையை நாள்பட எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அடிக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பாராசிட்டமால் பாதுகாப்பானது என்றாலும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் உச்சம். குடிப்பவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கலப்பு மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, நரம்பு வலி மாத்திரை. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின், கபாபென்டின், பிரீகாபாலின் என்று எழுதுவார்கள். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுப்பவை. என் வீட்டில் யாரோ போனில் தேடிப் பார்த்து, "பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாம்" என்று ஒளித்துவைத்துவிட்டார்கள். நரம்பு வலிக்கும் அவை வேலை செய்யும். முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும், நாலு நாளில் "கேக்கலை" என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் தூக்கம், கிறுகிறுப்பு வரும். பழகும்வரை மலைப்பாதையில் வண்டி ஓட்டாதீர்கள். இதை ஒரு டிரைவராகவே சொல்கிறேன். நிறுத்துவதென்றாலும் டாக்டரிடம் கேட்டுத்தான்.

நான்காவது, டிரமடால். 2018 முதல் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், தரவும் கூடாது. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு மூன்று சோதனைச்சாவடியிலும் கலால்காரர்கள் பையைத் திறக்கச் சொல்லலாம். மாத்திரையை அட்டையோடும், டாக்டர் சீட்டு, கடை பில்லோடும் ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் உங்கள் பெயர், தேதி, எத்தனை நாளைக்கு, டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

மார்ஃபின் பற்றியும் கேட்பார்கள். புற்றுநோய் வலிக்கும் கடைசிக்கால வலிக்கும் அது பெரிய ஆறுதல். 2014இல் சட்டத்தைத் திருத்தியபிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக்கொடுக்கலாம். சாதாரண முதுகு வலிக்கு அதைக் கேட்டுப் போகாதீர்கள். ஆனால் வீட்டில் புற்றுநோய் வலியில் துடிப்பவர் இருந்தால், "இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது" என்ற பேச்சை ஏற்காதீர்கள். வலி தணிப்புப் பிரிவு எங்கே என்று கேளுங்கள்.

செலவைக் குறைக்க: மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி கடைகள் இரண்டு மாநிலத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகம், கேரளத்தில் காருண்யா மருந்துக் கடை. டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். மாதம் 1,900 ரூபாய் ஆன என் மருந்து இப்போது 600க்குள் முடிகிறது.

தேக்கடிப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்காக நடக்கும் மசாஜ் கடைகளை ஆயுர்வேதச் சிகிச்சை என்று எண்ணாதீர்கள். அங்கே எண்ணெய் தேய்ப்பவர் உங்கள் ஸ்கேனைப் பார்க்கப்போவதில்லை. ஆயுர்வேதம் வேண்டுமென்றால் கேரள அரசின் ஆயுர்வேத ஆஸ்பத்திரி, சித்தா வேண்டுமென்றால் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள சித்தா பிரிவு. எதை எடுத்தாலும் இரண்டு டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

7. காப்பீடு, அட்டை

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: ரேஷன் கார்டு, குடும்பத்தார் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை முடிந்து வரும். ஒரு வாரம், பத்து நாள் ஒதுக்குங்கள். பிறகு தேனி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லை. கேரளக் கார்டுக்காரர்களுக்குக் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: இவை முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. மாதாமாதம் ஓ.பி.யில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. நாள்பட்ட வலிக்காரருக்குச் செலவே ஓ.பி.யில்தான். அட்டை இருக்கிறதென்று தனியாருக்கு ஓடி, மருந்துச் செலவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லை தாண்டிப் போகும்போது, சேர்வதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

மாற்றுத்திறனாளி அட்டை: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. வலி தனியாக அதில் இல்லை. வலிக்குக் காரணமான நோயால் கை கால் அசைவோ பலமோ குறைந்திருந்தால், அதை அளந்து சதவீதம் போடுவார்கள். பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் வேண்டும். விண்ணப்பம் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, சிகிச்சைத் தாள்கள் போதும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. "மெடிக்கல் போர்டுல ஆள் தெரியும், அஞ்சாயிரம் கொடு" என்று ஆஸ்பத்திரி வாசலில் வருபவரிடம் நான் பணம் கொடுக்கவில்லை; என் சிநேகிதர் கொடுத்தார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பரிசோதனை நாளில் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். வழக்கமாகத் தடி ஊன்றுகிறவர் அன்றைக்கும் ஊன்றிக்கொண்டு போங்கள்.

8. வீட்டுக்கு வரும் உதவி

வெளியே போகவே முடியாதவர்களுக்கு இது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கேரளத்தில் 2008இலேயே வலி தணிப்புக்கென்று அரசு கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது வலி தணிப்பு நர்ஸ், வீடு வீடாக வருகிறார். புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கவாதம், முதுகெலும்பு அடி, முதுமையில் படுக்கை எல்லாம் சேரும். எழுந்து நடமாட முடியாதவருக்குத்தான் முன்னுரிமை. வழி எளிது: வார்டு மெம்பரிடமோ ஆஷா பணியாளரிடமோ சொல்லுங்கள், ஆஸ்பத்திரித் தாளைக் காட்டுங்கள். அந்தப் பஞ்சாயத்தில் குடியிருக்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும். லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில், இருப்பவர்கள் எஸ்டேட் தாள் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 15 அங்கே பாலியேட்டிவ் நாள். அதை ஒட்டி நடக்கும் கூட்டங்களில் நர்ஸையும் தொண்டர்களையும் நேரிலேயே பிடித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை மாத்திரை தருபவர்கள் என்றுதான் நம் தெருவில் பேச்சு. அதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். பிசியோ வருகிற நாளில் வீட்டில் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் வராத நாட்களில் செய்வதுதான் கணக்கு.

9. வேலை

படுத்தே கிடந்தால் சரியாகும் என்று ஆறு மாதம் கிடந்தேன். தொடைச் சதை கரைந்து, எழுந்தால் கால் நடுங்கியது. பிறகு தலைகீழாக மாறினேன்: வலி குறைந்த நாளில் விட்ட வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வேன், அடுத்த மூன்று நாள் எழ மாட்டேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு விதி கொடுத்தார். இருபது நிமிஷம் உட்கார்ந்தால் வலி வருகிறதென்றால் பதினைந்தாவது நிமிஷத்திலேயே எழுந்துவிடு, நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும். வாரத்துக்கு ஓரிரு நிமிஷம் கூட்டு. கடையில் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்; அது அடித்தால் முதலாளியே "எந்திரிப்பா" என்கிறார்.

ஏலக்காய் எடுக்கிறவர்களுக்கு: குனிந்தே இருக்காமல் ஒரு முழங்காலை ஊன்றி மாற்றி மாற்றி எடுங்கள். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டாதீர்கள், டாக்டர் சொன்ன நேரம் மட்டும். ஜீப்பில் பின்பக்க ஓரப் பலகையைவிட முன்சீட்டுக்குச் சண்டை போட்டாவது உட்காருங்கள். டிரைவர் கொடுப்பார். நான் கொடுத்திருக்கிறேன்.

10. மனசு

இரவு இரண்டு மணிக்கு வலியோடு விழித்துக் கிடப்பவனுக்கு வருகிற யோசனைகள் பகலில் வருபவை அல்ல. எனக்கும் வந்தது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று பெயர், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள், பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்புங்கள். நான் என் வீட்டுக்காரியை எழுப்பினேன். "இம்புட்டு நாளா ஏன் சொல்லலை" என்று திட்டிவிட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

11. மாதக் கணக்கு

மாத்திரை தீர 7 நாள் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்குங்கள். ஜூன் முதல் மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஒரு நாள் இரண்டு நாள் போக்குவரத்து நிற்கும். கார்த்திகையிலிருந்து மகரவிளக்குவரை ஐயப்ப சாமிகள் வண்டி நெரிசலில் ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். மேலே போகிறவர்களைக் கம்பமெட்டு வழியாகச் சுற்றிவிடுவார்கள், குமுளி வழி இறங்குவதற்கு மட்டும். அந்த மாதங்களில் கோட்டயத்துக்கோ கட்டப்பனைக்கோ டாக்டர் தேதி வாங்கினால், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். முடிந்தால் அந்தத் தேதியையே தை பிறந்த பிறகு கேளுங்கள், நர்ஸ் மாற்றிக்கொடுப்பார்.